‘ரன்அவே’யை ரும்பாவாக்கினேன்: எங்கே போய் உட்காருகிறது இந்தப் பாட்டு?

1961-இல் டெல் ஷானன் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ‘ரன்அவே’ பாட்டை நைலான் தந்தி கிட்டாரில், ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசையில் வரும் ரும்பா என்ற தாள நடைக்கு மாற்றி, வீட்டிலேயே பதிவு செய்து முடித்திருக்கிறேன். பழைய பாப் பாட்டுகளை இப்படி மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு உதவும் என்று, செய்த வேலையையும் எடுத்த முடிவுகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். கிட்டாரில் அடிப்படைக் கார்ட்கள் தெரிந்தால் போதும், பின்தொடரலாம்.

ஏன் இந்தப் பாட்டு? இதன் சரணம் ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்று படிப்படியாக இறங்குகிறது. ஃபிளமெங்கோ கேட்கிறவர்களுக்கு இந்த இறக்கம் பழக்கமானது. ஆண்டலூசியன் கேடன்ஸ் என்று பெயர். மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்ற ஊரின் ஒரு கிளப்பில் ஷானன் வாசித்துக்கொண்டிருந்தபோது, கூட வாசித்த மேக்ஸ் குரூக் ஏ மைனரிலிருந்து ஜி-க்கு இறங்கினார். அந்த நகர்வு ஷானனைப் பிடித்துக்கொள்ள, அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி அதன்மேல் பாட்டைக் கட்டினார். ஸ்பெயினை நினைத்து அவர்கள் வாசிக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு வந்த ரே சார்ல்ஸின் ‘ஹிட் த ரோட் ஜாக்’ பாட்டும் முழுக்க முழுக்க இதே நான்கு கார்ட்களில்தான் சுற்றுகிறது. ஃபிளமெங்கோவுக்கான வாசல் அந்தக் கால பாப் பாட்டுக்குள்ளேயே திறந்து கிடந்தது என்றுதான் நான் பார்க்கிறேன்.

இந்தக் கலப்பில் எனக்கு முன்னோடிகள் நிறைய. பார்சிலோனாவின் ராவல், கிராசியா, ஒஸ்தாஃபிராங்ஸ் பகுதிகளில் வாழ்ந்த ஜிப்சிக் குடும்பங்கள் 1950-களில் கியூபத் தாளத்தையும் ஃபிளமெங்கோ கைத்தட்டலையும் ராக் அண்ட் ரோலையும் கலந்து ரும்பா கத்தலானாவை உருவாக்கினார்கள். அவர்களில் ஒருவரான பாடகர் பெரெத் எல்விஸின் ரசிகர். 1974-இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் நடந்த யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில், ஆபா குழு வென்ற அதே மேடையில், ஸ்பெயினுக்காகப் பாடினார். தெற்குப் பிரான்ஸின் ஆர்ல், மான்பெலியே நகரங்களிலிருந்து வந்த ஜிப்சி கிங்ஸ், இத்தாலியப் பாடகர் டொமெனிகோ மொதுன்யோவின் 1958-ஆம் ஆண்டுப் பாட்டை ‘வோலாரே’ என்று 1989-இல் ரும்பாவாக்கி உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். லோஸ் மனோலோஸ் என்ற பார்சிலோனாக் குழு 1991-இல் பீட்டில்ஸின் ‘ஆல் மை லவிங்’ பாட்டை ரும்பாவாகப் பாடியது. அடுத்த ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக் நிறைவு விழாவில் பெரெத்தோடு அவர்களும் மேடையேறினார்கள். கேட்டுப் பாருங்கள். மூலப் பாட்டைக் கிண்டல் செய்யாமல், மரியாதையோடு வேறு வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். நான் பிடித்துக்கொண்ட வழி அதுதான்.

கிட்டாரைத் தயார் செய்தது

என்னிடம் இருப்பது மாணவர்கள் வாங்கும் சாதாரண கிளாசிக்கல் கிட்டார். உண்மையான ஃபிளமெங்கோ கிட்டாரின் பக்கமும் முதுகும் பெரும்பாலும் சைப்ரஸ் மரம். எடை குறைவு, சத்தம் சட்டென்று எழும்பிச் சட்டென்று அடங்கும். அதை வாங்கும் வசதி இப்போதைக்கு இல்லை என்பதால் இரண்டு வேலைகள் மட்டும் செய்தேன்.

முதலாவது தட்டுத் தகடு. ஸ்பானியர்கள் இதை கோல்பெயாதோர் என்பார்கள். ஃபிளமெங்கோவில் மோதிர விரல் முதல் தந்திக்குக் கீழே பலகையைத் தட்டிக்கொண்டே இருக்கும். தகடு இல்லாவிட்டால் சில வாரங்களிலேயே பாலிஷ் போய் மரம் பள்ளமாகிவிடும். பின்பக்கம் பசை தடவிய மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கிறது. தந்திகளைக் கழற்றி, பலகையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டேன். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து பலகைமேல் லேசாகத் தடவினேன். இப்படி ஈரமாக இருந்தால்தான் தகட்டை நகர்த்திச் சரியான இடத்தில் வைக்க முடியும். உலர்ந்த பலகையில் பட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். வைத்தபின் பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்துத் தண்ணீரையும் காற்றுக் குமிழிகளையும் வெளியேற்றி, ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். ஒரு எச்சரிக்கை: விலை உயர்ந்த கிட்டார்களில் ஷெல்லாக் பாலிஷ் போட்டிருப்பார்கள். அவற்றில் இதைச் செய்ய வேண்டாம், பசை பாலிஷை உரித்துவிடும்.

இரண்டாவது, தந்தியின் உயரம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் ஆறாவது தந்தி 4 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது. கிளாசிக்கலுக்கு அது சரி. ஃபிளமெங்கோவுக்கு 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் கொஞ்சம் கீழே வேண்டும். பிரிட்ஜில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைத் துண்டை, அதாவது சேடிலை, அடியில் தேய்த்தால் உயரம் குறையும். கணக்கு இதுதான்: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 1 மில்லிமீட்டர் குறைய, சேடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை ஒட்டி, சேடிலைச் செங்குத்தாகப் பிடித்துத் தேய்த்தேன். கொஞ்சம் தேய்ப்பது, மாட்டிப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது என்று போக வேண்டும். இப்போது பலமாக அடித்தால் தந்தி லேசாக ஃப்ரெட்டில் உரசி இரைகிறது. கிளாசிக்கல் வாசிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், இந்த இசைக்கு அந்த இரைச்சல் அழகு.

வலது கை

ரும்பா கத்தலானாவின் உயிர் வென்டிலாடோர் என்ற வீச்சு. கை மின்விசிறி போல நிற்காமல் வீசிக்கொண்டே போக, வழியில் தந்தியையும் அடிக்கும், பெட்டியையும் அறையும். தனி மேளம் இல்லாமல் ஒரே கிட்டார் தாளத்தையும் சுருதியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவது இதனால்தான்.

நான் எடுத்துக்கொண்ட எளிய வடிவம் எட்டு எண்ணிக்கை. ஒற்றைப்படை எண்ணில் கை கீழே, இரட்டைப்படையில் மேலே. 3-இலும் 7-இலும் அடிப்பதற்குப் பதிலாக, விரித்த உள்ளங்கையால் தந்திகளை அறைந்து ஒலியை அடக்க வேண்டும். இனி அழுத்தம்: 1, 4, 7. மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிகிறது, கியூபாவிலிருந்து வந்த கணக்கு. முதல் அழுத்தம் கீழ்வீச்சு, இரண்டாவது மேல்வீச்சு, மூன்றாவது அறை. மூன்றுக்கும் மூன்று வேறு சத்தம் கிடைப்பதால்தான் ஒரே கை பல பேர் வாசிப்பதுபோல் கேட்கிறது.

கார்ட் எதுவும் பிடிக்காமல், இடது கையால் தந்திகளை மூடிக்கொண்டு இதை மட்டும் பழகுங்கள். மெட்ரோனோமை 60-இல் வைத்துத் தொடங்கி, நான் 108 வரை போனேன். 4-ஆவது எண்ணில் மேல்வீச்சு அழுத்தமாக விழுகிற நாளில் ரும்பா கையில் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அதுவரை அது வெறும் கேம்ப்ஃபயர் கிட்டார்தான்.

ஈ: வாசலா, வீடா?

இந்த வேலையிலேயே நான் அதிகம் யோசித்தது இதைத்தான். தாளம் மாற்றுவது பாதி வேலைகூட இல்லை.

பாப் பாட்டில் ஈ என்பது காத்திருக்கும் இடம். ஏ மைனர், ஜி, எஃப் என்று இறங்கி ஈ-க்கு வந்ததும் காது ஏ மைனரைக் கேட்கிறது. பாட்டும் அடுத்த அடியில் அங்கேயே திரும்பிவிடுகிறது. ஃபிளமெங்கோவில் அதே ஈ தான் வீடு. இறங்கி வந்து உட்காரும் இடம். ஏ மைனரில் தொடங்கினாலும் அது பயணத்தின் தொடக்கம் மட்டுமே. ஈ-யை ஆதாரமாகக் கொண்ட இந்த வாசிப்பை கிட்டார் கலைஞர்கள் ‘போர் அர்ரீபா’ என்பார்கள். நம் ஸ்வரக் கணக்கில் ஈ-யை ஸட்ஜமாக வைத்துப் பார்த்தால் தோடியின் ஸ்வரங்கள் வரும். ஈ மேஜர் கார்டில் அந்தர காந்தாரம் நுழைவதால் வகுளாபரணமும் எட்டிப் பார்க்கும். ஃபிளமெங்கோ இரண்டு காந்தாரத்தையும் தயங்காமல் பயன்படுத்துகிறது. கமகம் முற்றிலும் வேறு, ஆகவே இந்த ஒப்பீடு ஸ்வரங்களோடு நிற்கட்டும்.

ஆக, ‘ரன்அவே’யை மாற்றுவது என்றால் பாட்டை ஏ மைனரிலிருந்து எழுப்பி ஈ-யில் உட்கார வைப்பது. அதற்கு மூன்று காரியம் செய்தேன்.

முதலில் ஈ-யின் நேரத்தை நீட்டினேன். சரணத்தின் ஒவ்வொரு அடியின் முடிவிலும் இரண்டு சுற்று கூடுதலாக ஈ-யிலேயே நின்று, எஃப்-ஐத் தொட்டுத் தொட்டுத் திரும்பினேன். எஃப்-இலிருந்து ஈ-க்கு அரைச் சுரம்தான் தூரம். அந்த அரைச் சுர இறக்கத்தை நாலு முறை கேட்டதும் காது ஏ மைனரை மறந்துவிடுகிறது.

அடுத்தது கார்ட்களின் வடிவம். மேல் தந்திகளைத் திறந்தே விட்டேன். ஜி-யில் மூன்றாம் ஃப்ரெட்டும் இரண்டாம் ஃப்ரெட்டும் தாழ்ந்த இரண்டு தந்திகளில். மற்ற நான்கும் திறந்தவை. எஃப்-இல் முதல் தந்தி திறந்தது. இப்படிச் செய்தால் மேலே ஈ சுரம் நாலு கார்டிலும் மாறாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும், கீழே மட்டும் அஸ்திவாரம் நகரும். இறுதி ஈ கார்டில் மட்டும் சுண்டு விரலால் முதல் தந்தியின் முதல் ஃப்ரெட்டைப் பிடித்து எஃப் சுரத்தைச் சேர்த்தேன். அந்த உரசல் கேட்டதும் ஊர் மாறிவிடும்.

மூன்றாவது, பாடும் முறை. அடியின் கடைசி அசையை நேராக நிறுத்தாமல் ஏ, ஜி, எஃப் வழியாக ஈ-க்கு இழைத்து இறக்கினேன். எல்லா அடியிலும் செய்தால் திகட்டும். சரணத்துக்கு ஒரு முறை போதும்.

சுருதி பற்றி ஒரு வார்த்தை. மூலப் பதிவோடு சேர்ந்து வாசித்துப் பழகினால் ஒட்டாது. பதிவு பி ஃபிளாட் மைனர் பக்கம் ஒலிக்கிறது. ஏ மைனரில் பாடிய ஒலிநாடாவைத் தயாரிப்பின்போது வேகம் கூட்டியதால் வந்த விளைவு அது. முதல் ஃப்ரெட்டில் கேபோ, அதாவது எல்லாத் தந்திகளையும் அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி, போட்டால் ஏறக்குறைய ஒத்துப்போகும். என் குரலுக்காக இறுதிப் பதிவில் மூன்றாம் ஃப்ரெட்டில் போட்டேன்.

வேறு தாளங்களில் பார்த்தது

ரும்பாவுக்கு முன் இரண்டு தாளங்களைச் சோதித்தேன். புலேரியாவில் பன்னிரண்டு எண்ணிக்கை. 12, 3, 6, 8, 10-இல் அழுத்தம். பாட்டின் அடிகளோ நாலு, எட்டு என்று போகின்றன. பன்னிரண்டில் அடைக்க வேண்டுமானால் சொற்களை இழுக்க வேண்டும் அல்லது வெட்ட வேண்டும். இரண்டிலும் ஷானனின் மெட்டு அடையாளம் இழந்தது. அடுத்து டாங்கோஸ், அர்ஜென்டினாவின் டாங்கோவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நாலு எண்ணிக்கை, ஒன்றில் மௌனம், இரண்டு மூன்று நாலில் தட்டு. மிக நன்றாகவே உட்கார்ந்தது, ஆனால் பாட்டின் ஓட்டம் போய்விட்டது. காதலியைத் தேடி மழையில் நடக்கிறவனின் பாட்டு இது. நடை தளரக் கூடாது. ரும்பாவில்தான் அந்தப் பதற்றம் தங்கியது.

பல்லவியில் வெளிச்சம்

சரணம் மைனரில் இறங்கி முடிந்ததும் பல்லவி ஏ மேஜருக்கும் எஃப் ஷார்ப் மைனருக்கும் தாவுகிறது. இருட்டறையில் ஜன்னல் திறந்ததுபோல் இருக்கும். ஃபாண்டாங்கோ வகைப் பாடல்களில் ஒரு வழக்கம் உண்டு: கிட்டார் ஈ-யில் நிற்கும், பாட்டு வரும்போது சி மேஜருக்குப் போய், கடைசியில் எஃப் வழியாக ஈ-க்குத் திரும்பும். அந்த வழியில் பல்லவியை சி-க்கு மாற்றலாமா என்று வாசித்துப் பார்த்தேன். இலக்கணத்துக்குச் சுத்தமாகப் பொருந்தியது. ஆனால் ஏ மைனரிலிருந்து ஏ மேஜருக்கு, அதே ஆதாரத்தில் நிறம் மட்டும் மாறுவதுதான் இந்தப் பாட்டின் அழகே. அதை எடுத்துவிட்டால் வேறு பாட்டு. ஆகவே ஏ மேஜரை அப்படியே விட்டேன்.

அதனால் ஒரு லாபமும் கிடைத்தது. சரணத்தில் ஈ-யை வீடாக்கி நன்றாக உட்கார்ந்தபின், அதே ஈ பல்லவிக்கு முன் மறுபடி வாசலாகிறது. கேட்கிறவர் வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைக்கும் கணத்தில் பாட்டு ஏ மேஜருக்குள் குதிக்கிறது. மூலத்தைவிட அந்தக் குதி இங்கே கூடுதலாக விழுகிறது என்று தைரியமாகச் சொல்வேன்.

இடையிசைக்கு வருவோம். மூலத்தில் மேக்ஸ் குரூக் தானே மாற்றியமைத்த ‘மியூசிட்ரான்’ என்ற மின்னணு விசைக்கருவியில் கீச்சென்று வாசிப்பார். அந்தக் காலத்துக்கு அது புதுமை. அதை கிட்டாரில் அப்படியே நகல் எடுப்பதில் அர்த்தமில்லை. மெட்டின் மேடு பள்ளத்தை மட்டும் வைத்துக்கொண்டு, தாழ்ந்த தந்திகளில் கட்டைவிரலால் அல்ஸாபூவா முறையில் வாசித்தேன்: கட்டைவிரல் நகம் கீழே ஒரு தந்தி, பிறகு கொத்தாகக் கீழே, கொத்தாக மேலே. உச்சியில் கீச்சிட்டது இங்கே அடியில் உறுமுகிறது.

கைத்தட்டல்

கஹோன் என்ற மரப்பெட்டி மேளத்தைச் சேர்க்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்தினார்கள். அது பெருவின் கருவி. ஃபிளமெங்கோ கிட்டார் கலைஞர் பாகோ தே லூசியா 1970-களின் பிற்பகுதியில் அங்கே கண்டு ஃபிளமெங்கோவுக்குக் கொண்டுவந்தார். 1961-இன் பாட்டை அக்கால ரும்பாவின் வாசனையோடு செய்ய நினைத்ததால் பெட்டியைத் தவிர்த்தேன். வென்டிலாடோரின் அறையே போதுமான மேளம். கூடவே பால்மாஸ், அதாவது கைத்தட்டல்.

கைத்தட்டலில் இரண்டு வகை. இரு உள்ளங்கைகளையும் குழித்துத் தட்டினால் மந்தமான சத்தம். இது சோர்தாஸ், பாட்டுக்கு அடியில் போவது. ஒரு கையின் மூன்று விரல்களை மறு உள்ளங்கையின் பள்ளத்தில் அடித்தால் வெடிக்கும் சத்தம். கிளாராஸ், பாட்டு ஓய்ந்து கிட்டார் பொங்கும் இடத்துக்கு. அண்ணன் மகள் சோர்தாஸ் தட்ட வந்தாள். சரணம் முடிந்ததும் நிறுத்திவிட்டு, “அத்தை, இது அழுற பாட்டா ஆடுற பாட்டா? எனக்கு எப்படித் தட்டறதுன்னே தெரியல” என்றாள். “ரெண்டும்தான்டா. அழுதுக்கிட்டே ஆடணும். நீ அழுகையைப் பாத்துக்காத, கணக்கை மட்டும் விடாத” என்றேன். அவள் தாளத்தோடு தட்ட, நான் இடைவெளிகளில் எதிர்த்தட்டு தட்டிப் பின்னால் சேர்த்துக்கொண்டேன். இரண்டும் சேர்ந்ததும் அறை நிறைந்துவிட்டது.

பதிவு

கண்டென்சர் மைக் ஒன்று. பன்னிரண்டாவது ஃப்ரெட்டை நோக்கி, சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி. ஒலித்துளைக்கு நேராக வைத்தால் அடிச்சத்தம் குமுறும். அளவை அமைக்கும்போது வீச்சைப் பார்க்காமல், பலகையில் விழும் தட்டைப் பார்க்க வேண்டும். தட்டின் முனைதான் எல்லாவற்றையும்விடத் துள்ளும். பலமான தட்டு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்தேன். கைத்தட்டலுக்கு மைக்கிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றோம்.

பழைய சிங்கிள் இசைத்தட்டுகளின் வாசனைக்காகக் குரலுக்கு மட்டும் ஒற்றை எதிரொலி கொடுத்தேன், 120 மில்லிசெகண்ட், மிகத் தாழ்வாக. கிட்டாருக்குக் கொடுக்கவே கூடாது. ஒவ்வொரு அறையும் இரண்டாகக் கேட்டு, 3-3-2 கணக்கு குழம்பிவிடும்.

முடிவு மட்டும் மூலத்திலிருந்து விலகியது. அக்காலப் பாட்டுகள் பல ஒலி தேய்ந்து தேய்ந்து மறையும், ‘ரன்அவே’யும் அப்படித்தான். ஃபிளமெங்கோவில் பாட்டைச் சட்டென்று பூட்ட வேண்டும். கடைசிப் பல்லவிக்குப் பின் ஏ மைனர், ஜி, எஃப் மூன்றையும் ஒவ்வொரு வீச்சாக இறக்கி, ஈ-யில் ஒரு ரஸ்கேயாதோ, அதாவது விரல்களை ஒவ்வொன்றாக விசிறி அடிக்கும் வீச்சு, பிறகு கையால் தந்தியை மூடி நிறுத்தம்.

அடுத்து எடுத்திருப்பது 1950-களின் டூ-வாப் மெல்லிசைகள், அதாவது குழுவாகக் குரல் சேர்த்துப் பாடும் அமெரிக்கப் பாட்டுகள். அவற்றில் பெரும்பாலும் சி, ஏ மைனர், எஃப், ஜி. ஆண்டலூசிய இறக்கத்தோடு வைத்துப் பார்த்தால் மூன்று கார்ட் பொது. சி-யும் ஈ-யும் மட்டும்தான் வேறு. அடி முடியும் இடத்தில் சி-யை எடுத்து ஈ-யை வைத்தால் பாட்டு மெல்லத் திரும்பி உட்காருகிறது, டாங்கோஸ் தாளமும் பொருந்துகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அந்த இடத்தில் மெட்டு ஜி சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால், ஈ கார்டில் உள்ள ஜி ஷார்ப்போடு மோதும். அங்கே ஈ மைனர் வைக்கலாம், அல்லது மெட்டு நகர்ந்தபின் ஈ-யை நுழைக்கலாம். முழுக்க முழுக்க மேஜரில் சிரித்துக்கொண்டே போகும் பாட்டுகளுக்கு இந்த வேலையே வேண்டாம். லோஸ் மனோலோஸ் செய்ததுபோல் கார்ட்களை விட்டுவிட்டு வென்டிலாடோரை மட்டும் சேருங்கள்.